கட்டளைவரியில் தமிழ் விசைப்பலகை: ஓர் அட்டவணையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் விசைப்பலகையை மாற்றும் கட்டளை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அவ்வரியில் இடம்பெறும் சுருக்கப் பெயர்களோ தட்டச்சுப்பொறிக் காலம் தொடங்கி ஒருங்குறிக் காலம் வரையிலான தமிழ்க் கணிமையின் முரண்பட்ட முடிவுகளைச் சுமந்து நிற்கின்றன. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, இயங்குதளத்தின் அடித்தள விசை அட்டவணைக்குள் ஏன் முழுமையாக நுழைய இயலவில்லை என்பதையும், தட்டச்சு மரபும் அவ்வட்டவணையும் சேர்ந்து தமிழ் மின்தரவுகளில் விட்டுச்சென்ற தடயங்கள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விசைப்பலகை, கட்டளைவரி, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி, ஒருங்குறி, லினக்ஸ்

முன்னுரை

தமிழ் விசைப்பலகை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மாநாட்டுத் தீர்மானங்களையும் அரசாணைகளையும் சான்றாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளன. எந்த அமைப்பு சிறந்தது, எந்த விரலுக்கு எந்த எழுத்து பொருந்தும் என்பனவே அவற்றின் மையக் கேள்விகள். ஆனால், ஒரு தரம் அறிவிக்கப்படுவதும் அது கணினிக்குள் குடியேறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். இரண்டாவது நிகழ்வுக்கான சான்று மாநாட்டு மலர்களில் இல்லை. இயங்குதளத்தின் அமைவுக் கோப்புகளில் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள் என்பதால் லினக்ஸின் அக்கோப்புகளை எவரும் திறந்து படிக்கலாம். அவற்றை ஓர் ஆவணக்காப்பகமாகவே கொள்ளலாம்.

லினக்ஸில் வரைகலைச் சூழலின் விசைப்பலகையை மாற்ற 'செட்-எக்ஸ்கேபி-மேப்' என்னும் கட்டளை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கட்டளைக்குப் பின் நாட்டின் ஈரெழுத்துக் குறியீடும், அதன்பின் அமைப்பின் உட்பிரிவுப் பெயரும் தரப்பட வேண்டும். இந்தியாவுக்குரிய 'ஐ-என்', தமிழுக்குரிய 'டி-ஏ-எம்' என்னும் இரண்டையும் தந்தால் விசைப்பலகை தமிழுக்கு மாறிவிடும். எந்தத் தமிழ் விசைப்பலகை என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

தட்டச்சுப்பொறி விட்டுச்சென்றது

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு நடைமுறை வடிவம் தந்தவராகப் போற்றப்படுகிறார். அவர் எதிர்கொண்ட சிக்கல் எண்ணிக்கை சார்ந்தது. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க வேண்டும். எழுத்துகளை வடிவத் துண்டுகளாகப் பிரித்து அவர் அதற்கு வழி கண்டார். கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, புள்ளி ஒரு விசை. கு, சு, டு, மு முதலியவற்றில் மெய்யும் உகரமும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதால் அவ்வடிவங்களுக்குத் தனியிடம் தர நேர்ந்தது.

புள்ளிக்குரிய விசை நகரா விசை. அதை அழுத்தினால் தாளில் புள்ளி விழும், உருளை நகராது. எனவே 'க்' என்று எழுத, முதலில் புள்ளியை இட்டுப் பின்னர் ககரத்தை இட வேண்டும். 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என்ற வரிசை. மெய்யை ஒலித்த பின்னரே உயிர் ஒலிக்கிறது என்பது இலக்கணம். கொம்பு இடப்புறம் நிற்பதால் அது முன்னே வர வேண்டும் என்பது பொறியின் நியதி. தட்டச்சுப் பயிலகங்களில் கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்குப் பயின்ற தலைமுறைகளின் விரல்களில் பதிந்தது இந்த இரண்டாவது வரிசைதான். அரசு அலுவலகங்களின் கோப்புகளும் நீதிமன்றப் படிகளும் அவ்விரல்களிலிருந்து பிறந்தன. பின்னாளில் எழுந்த எந்தத் தரமும் அவ்விரல்களை எளிதில் புறந்தள்ள முடியவில்லை என்பதை இக்கட்டுரையின் எஞ்சிய பகுதிகள் காட்டும்.

எழுத்துருவே விசைப்பலகையாக இருந்த காலம்

1980களின் நடுப்பகுதியில் கனடாவிலிருந்து வெளிவந்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு முதலிய முயற்சிகளோடு தனிக்கணினியில் தமிழ் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் எழுத்துருக்கள் பெருகின. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. பயனர் 'எஃப்' விசையை அழுத்துவார். கணினி அதனை 'எஃப்' என்றே சேமித்துக்கொள்ளும். திரையில் 'க' தெரியும். இயங்குதளத்துக்குத் தான் தமிழைக் கையாள்கிறோம் என்பதே தெரியாது.

இதனை வெறும் தந்திரம் என்று ஒதுக்குவது வழக்கம். வரலாற்று நோக்கில் அதன் விளைவு பெரிது. அம்முறையில் விசைப்பலகை அமைப்பும் குறியேற்றமும் ஒன்றே. தட்டச்சுப்பொறியின் துண்டு வடிவங்களும் அவற்றின் இடவல வரிசையும் மாற்றமின்றிக் கோப்புக்குள் சென்று உறைந்தன. விசைப்பலகையை மாற்ற எந்தக் கட்டளையும் தேவைப்படவில்லை. எழுத்துருவை மாற்றினால் போதும். மின்னஞ்சல்வழி நடந்த நீண்ட விவாதங்களில் உருவான தஸ்கியும், அரசு ஏற்ற தாப் குறியேற்றமும் எட்டுபிட்டுக் குறியேற்றங்களே. அவையும் வடிவத் துண்டுகளையே சேமித்தன. லினக்ஸின் அடிப்படை நூலகமான குனு சி நூலகத்தில் தஸ்கிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி இன்றும் உண்டு. கட்டளைவரியில் 'ஐகான்வ்' என்று அழைத்தால், அது கொம்பைக் கண்டவுடன் வெளியிடாமல் நிறுத்திவைத்து, அடுத்து வரும் மெய்யைப் பார்த்து, இடம் மாற்றித் தருகிறது. நகரா உருளையின் நியதியை மென்பொருள் இவ்வாறு தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டு தரங்கள்

இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1980களில் வகுத்த இன்ஸ்கிரிப்ட் அமைப்பு முற்றிலும் வேறொரு கருதுகோளில் எழுந்தது. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது அதன் கொள்கை. தேவநாகரியில் ககரம் இருக்கும் விசையில்தான் தமிழ் ககரமும் இருக்கும். 1991ஆம் ஆண்டின் இந்தியத் தர ஆவணமான ஐஎஸ் 13194 இவ்வமைப்பைக் குறியேற்றத்தோடு இணைத்துத் தந்தது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியும் இக்குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியதே. மெய்க்குப் பின் உயிர்க்குறி என்ற ஒலி வரிசையை ஒருங்குறி அங்கிருந்தே பெற்றது.

தமிழுக்கு இவ்வமைப்பு எவ்வாறு பொருந்தியது? வர்க்க எழுத்துகளுக்காக ஒதுக்கப்பட்ட விசைகள் தமிழில் வெற்றிடங்களாக நின்றன. தமிழுக்கே சிறப்பான ற, ன, ழ ஆகியவையோ மேல்விசையோடு சேர்த்தே அழுத்த வேண்டிய இடங்களுக்குத் தள்ளப்பட்டன. நான், அவன், என், தான் என்று னகர ஒற்றில் முடியும் சொற்கள் ஒரு பக்கத்தில் எத்தனை வருகின்றன என்பதைத் தமிழ் படிக்கும் எவரும் அறிவர். அத்தனை முறையும் மேல்விசைக்குச் சுண்டுவிரல் செல்ல வேண்டும். அனைத்து மொழிகளுக்கும் பொதுவான அட்டவணை ஒவ்வொரு மொழிக்கும் சமமான அட்டவணையாக அமைவதில்லை.

1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய கருத்தரங்கைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அங்கு உருப்பெற்ற தமிழ்99 அமைப்பு, இன்ஸ்கிரிப்டுக்கும் தட்டச்சுப்பொறிக்கும் மாற்றாக அமைந்தது. உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகள். மேல்விசை கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே. உயிர்மெய்யைத் துண்டு வடிவங்களாகப் பிரிக்காமல், தொல்காப்பிய மரபு கூறும் மெய், உயிர் என்னும் கூறுகளாகவே விரல்களுக்குத் தந்தது இதன் தனிச்சிறப்பு.

இதன் ஆற்றல் விதிகளில் அடங்கியிருந்தது. மெய்க்குப் பின் 'ஆ' விசையை அழுத்தினால் துணைக்கால் வரும். தனியே அழுத்தினால் 'ஆ' வரும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவது தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இன இணைகளுக்கும் அவ்வாறே. 'அம்மா' என்ற சொல்லுக்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்கள் போதும். இன்ஸ்கிரிப்டில் அதே சொல்லுக்கு ஐந்து தட்டல்களும் ஒரு மேல்விசையும் தேவை. விதிகளுக்கு விலையும் உண்டு. 'நதி' என்று எழுத முனைபவர் ந, த, இ என்று அழுத்தினால் விதி அதனை 'ந்தி' ஆக்கிவிடும். இடையில் அகர விசையைத் தட்டி விதியை முறிக்க வேண்டும். 'மமதை'க்கும் இதே நிலை. பழகியவர்க்கு இது இடையூறன்று. தட்டச்சுப் பயிற்சியிலிருந்து வந்தவர்க்குக் கணினி தம்மை மீறி எழுதுவதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தமிழ்நாடு அரசு இவ்வமைப்பையும், தாம், தாப் என்னும் எட்டுபிட்டுக் குறியேற்றங்களையும் 1999இலேயே ஏற்றது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில் ஒருங்குறியும், அனைத்தெழுத்துக் குறியேற்றமான தேஸ்16உம் அரசுத் தரங்களாயின. குறியேற்றம் மாறியது, தமிழ்99 நிலைத்தது.

ஒரு விசை, ஒரு குறி

லினக்ஸ், யுனிக்ஸ் கணினிகளின் வரைகலைச் சூழலான எக்ஸ் சாளர அமைப்பில், விசைப்பலகையை ஆளும் எக்ஸ்கேபி என்னும் நீட்சி 1990களின் நடுவில் தரமாக்கப்பட்டது. இன்று எக்ஸ் சாளரத்தை வேலாண்டு என்னும் புதிய அமைப்பு படிப்படியாக நீக்கி வருகிறது. 'செட்-எக்ஸ்கேபி-மேப்' கட்டளை அங்கே முன்போல் செயற்படுவதில்லை. ஆயினும் அட்டவணைக் கோப்புகள் அதே வடிவில் அங்கும் தொடர்கின்றன.

அவ்வட்டவணையின் இலக்கணம் எளியது. ஒவ்வொரு விசைக்கும் சில படிநிலைகள் உண்டு: தனியே அழுத்தினால் ஒன்று, மேல்விசையோடு ஒன்று, வலது ஆல்ட் விசையோடு ஒன்று. ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரே ஒரு குறி. முன்பு எந்த விசை அழுத்தப்பட்டது என்பது அட்டவணைக்குத் தெரியாது.

இந்த ஒற்றை நியதி தமிழின் மூன்று மரபுகளையும் மூன்று விதமாக நடத்தியது. இன்ஸ்கிரிப்ட் அப்படியே பொருந்தியது. அதில் 'ா' ஒரு விசை, அதே விசையின் மேல்நிலை 'ஆ'. 'ொ', 'ோ' ஆகியவற்றுக்கும் தனித்தனி விசைகள். புள்ளியும் தனி விசை. முன்சென்றதை நினைவில் கொள்ள வேண்டிய தேவையே இல்லை. தமிழ்99 பொருந்தவில்லை. 'ஆ' விசை எதனை வெளியிட வேண்டும் என்பது முந்தைய எழுத்தைப் பொறுத்தது. அட்டவணையால் அதனைச் சொல்ல இயலாது. ஒரே விசையில் மூன்று குறிகளாக வர வேண்டிய 'க்ஷ'வும் அவ்வட்டவணையில் அடங்காது. தட்டச்சுமுறை பாதி பொருந்தியது: விசைகளின் இடங்களைத் தரலாம், கொம்பை முன்னே அழுத்தும் பழக்கத்தைத் தர முடியாது; 'கு', 'டி' முதலிய இணைவடிவங்களை ஒரே விசையில் வைக்கவும் முடியாது.

ஐரோப்பிய மொழிகளுக்கு இந்த இடர் நேரவில்லை. பிரெஞ்சு மொழியின் மேற்குறிகளைத் தட்டச்சுப்பொறியில் இட்ட நகரா விசை, எக்ஸ் சாளரத்திலும் அப்படியே வாழ்கிறது. குறியை முதலில் அழுத்தி எழுத்தைப் பின்னர் அழுத்தினால் இரண்டும் இணைந்து வரும். முத்தையாவின் புள்ளி விசையும் அதே இயங்குமுறைதான். ஒன்று இயங்குதளத்தின் அடித்தளத்தில் இடம்பெற்றது, மற்றொன்று பெறவில்லை.

எனவே தமிழ்99க்கு மேலடுக்கில் வேறொரு மென்பொருள் தேவைப்பட்டது. விண்டோஸில் தமிழா குழுவின் எ-கலப்பை அப்பணியைச் செய்தது. லினக்ஸில் ஜப்பானின் அரசு ஆய்வு நிறுவனமொன்றில் உருவான 'எம்17என்' நூலகம் அதனை ஏற்றது. அதன் கோப்புகளில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு, ஒலிபெயர்ப்பு எனப் பல தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளன. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்காகப் பழகிய நுட்பம் தமிழின் புணர்ச்சி விதிகளுக்குக் கைகொடுத்தது கணிமை வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று. ஆனால் இம்மேலடுக்கு வரைகலைச் சூழல் முழுமையாகத் தொடங்கிய பின்னரே இயங்கும். அதற்கு முன் கணினி அறிந்த தமிழ் இன்ஸ்கிரிப்ட் தமிழே. விண்டோஸ் 2000 தமிழைத் தாங்கி வந்தபோதும் அதனுடன் வந்த விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட்தான்.

பெயர்களின் சாட்சியம்

அமைவுக் கோப்புகளில் தமிழ் முதலில் 'டி-எம்-எல்' என்ற பெயரில் இருந்தது. பின்னர் மொழிகளை நாடுகளின்கீழ் தொகுக்கும் முறை வந்தபோது இந்தியாவின் உட்பிரிவாக 'டி-ஏ-எம்' ஆனது. அது மூவெழுத்து மொழிக் குறியீடு. அரசு 1999இல் ஏற்ற தாம் குறியேற்றத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஆங்கில எழுத்துகளில் இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால் இவ்விடத்தில் ஆய்வாளர் மயங்கக் கூடும். எந்த அடைமொழியுமின்றித் 'தமிழ்' என்ற பொதுப்பெயர் இன்ஸ்கிரிப்டுக்கே நெடுங்காலம் உரியதாக இருந்தது. பின்னரே அதன் பெயரோடு இன்ஸ்கிரிப்ட் என்பது சேர்க்கப்பட்டது.

அதனருகே 'தமிழ்நெட் 99' என்ற பெயருடன் சில உட்பிரிவுகள் உள்ளன. ஒருங்குறிக்கு ஒன்று, தாபுக்கு ஒன்று, தஸ்கிக்கு ஒன்று. பெயரைப் பார்த்து இது தமிழ்99 என்று எண்ணித் தேர்ந்தெடுப்பவர் ஏமாற்றமடைவர். கோப்பைத் திறந்தால் மேல்வரிசையின் தொடக்கத்தில் ஞ, ற, ந, ச, வ, ல, ர என்ற வரிசை காணப்படுகிறது. இது தட்டச்சுப்பொறியின் வரிசை. தமிழ்99இல் அவ்விடத்தில் ஆ, ஈ, ஊ முதலிய நெட்டுயிர்கள் இருக்க வேண்டும். கோப்பின் தலைப்பிலுள்ள குறிப்பு இதனை மறைக்கவுமில்லை: தட்டச்சுப்பொறிப் பாங்கிலானது, தமிழ்நெட் 99 பரிந்துரைகளைத் தளர்வாகப் பின்பற்றியது என்னும் பொருளில் அது அமைந்துள்ளது. குறிப்பிலுள்ள திருத்த நாள் 2002ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நேரம் சிங்கப்பூர் நேரம்.

இக்குறிப்பு வரலாற்றாய்வாளருக்கு மிகவும் பயன்படும். தமிழ்99இன் விதிகளை அட்டவணை ஏற்காது என்பதை அறிந்த தன்னார்வலர் ஒருவர், இயன்றதைச் செய்து, செய்ததன் எல்லையையும் நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார். பயனர் காணும் பட்டியலிலோ 'தளர்வாக' என்ற சொல்லும் 'தட்டச்சுப்பொறி' என்ற சொல்லும் இல்லை. மாநாட்டின் பெயர் மட்டுமே எஞ்சியது.

நாடு வாரியான பகுப்பு வேறு சில முரண்களையும் தோற்றுவித்தது. இலங்கைக்குரிய 'எல்-கே' என்பதை மட்டும் கொடுத்தால் வருவது சிங்கள விசைப்பலகை. அதன்கீழுள்ள தமிழ் உட்பிரிவுகளும் தமிழ்நெட் 99 பெயரையே தாங்கியுள்ளன. இலங்கையில் தரமாக ஏற்கப்பட்டதோ ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பு. அது இவ்வட்டவணையில் இல்லை, எம்17என் தொகுப்பில் உண்டு. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூருக்கு இப்பட்டியலில் தலைப்பே கிடையாது. முதல் கருத்தரங்கு கூடிய இடமும், அக்கோப்பின் திருத்த நேரம் குறிக்கும் இடமும் அந்நகரமே என்பதை எண்ணும்போது, நாட்டுக் குறியீடு என்னும் பகுப்பு தமிழ் போன்ற பல நாட்டு மொழிக்கு எவ்வளவு ஒவ்வாதது என்பது விளங்கும்.

ஔவையும் ஒளவையும்

இவையெல்லாம் அமைவுக் கோப்புகளின் உள்விவகாரங்கள் என்று இலக்கிய ஆய்வாளர் ஒதுக்கிவிட முடியாது. விசைப்பலகை தான் உருவாக்கிய உரையில் தன் தடயத்தை விட்டுச்செல்கிறது.

'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரமும் 'ொ' என்னும் ஒற்றைக் குறியும் ஒரு வகை. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறிகள் மற்றொரு வகை. இன்ஸ்கிரிப்டும் தமிழ்99 உள்ளீட்டு முறைகளும் முதல் வகையைத் தருவன. கொம்பையும் காலையும் தனித்தனியே அழுத்தும் தட்டச்சுப் பாங்கு, இடையில் சேர்த்துத்தரும் மென்பொருள் இல்லாதபோது, இரண்டாம் வகையைத் தரும். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இரண்டையும் நிகரானவை என்றே கூறுகிறது. ஆனால் கட்டளைவரியில் சொற்களைத் தேடப் பயன்படும் 'கிரெப்' போன்ற கருவிகள் நிகர்மையைப் பார்ப்பதில்லை, குறிகளையே ஒப்பிடுகின்றன. 'கொற்றவை' என்று தேடும் ஆய்வாளருக்குத் தொகுப்பின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் போகும். தேடலுக்கு முன் தரவு முழுவதையும் இயல்பாக்கம் செய்தால் இக்குறை நீங்கும்.

நீங்காத குறை ஒன்றும் உண்டு. தட்டச்சுப்பொறியில் ஔகாரத்தின் பின்பகுதிக்குத் தனி வடிவமில்லை. ளகர விசையே அதற்கும் பயன்பட்டது. தாளில் அதனால் எந்தத் தீங்கும் நேரவில்லை. அப்பழக்கம் ஒருங்குறிக்குள் வந்தபோது 'ஔவை' என்பது 'ஒளவை' ஆகவும், 'கௌதமன்' என்பது 'கெளதமன்' ஆகவும் பதிவாயின. கணினியின் பார்வையில் பின்னவை ஒ-ள-வை, கெ-ள-த-ம-ன் என்னும் வேறு சொற்கள். இயல்பாக்கம் இவற்றைத் தொடாது, ஏனெனில் ளகரம் இங்கு முறையான எழுத்து. அகராதி கொண்டோ கைத்திருத்தத்தாலோதான் பிரித்தறிய முடியும். இணையத்திலும் மின்னூல்களிலும் 'ஒளவை' எத்துணைப் பரவலாக உள்ளது என்பதைக் காண ஒரு தேடலே போதும். சொல்லடைவு, தொடரடைவு, நிகழ்வெண் ஆய்வு ஆகியவற்றில் ஈடுபடுவோர் தம் மூலத்தரவு எந்த விசைப்பலகை மரபில் உள்ளிடப்பட்டது என்பதையும் மூலபாடச் செய்தியாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. ஏட்டுச்சுவடியில் புள்ளியிடாமையும் ஏகார, ஓகார வேறுபாடின்மையும் பதிப்பாசிரியருக்கு எப்படியோ, அப்படி.

தன்னைப் பூட்டும் கட்டளை

கட்டளைவரியில் தமிழ் விசைப்பலகையை முதன்முறை அமைப்பவர் பலரும் ஓர் இக்கட்டில் சிக்குகின்றனர். தமிழை மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்டளையிட்டால், அடுத்த நொடியே விசைகள் அனைத்தும் தமிழாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்குத் திரும்பவும் கட்டளை இட வேண்டும்; கட்டளையோ ஆங்கில எழுத்துகளில் உள்ளது. தொலைவிலுள்ள வழங்கிக்குத் தீச்சுவர் விதிகளை எழுதும் நிர்வாகி, தான் உள்நுழைந்த 22ஆம் வாயிலையே அறியாமல் அடைத்துவிடுவதோடு இதனை ஒப்பிடலாம். விசைப்பலகையில் மீட்சி எளிது: அம்புக்குறியால் முந்தைய கட்டளைகளுக்குச் சென்று பழையதொன்றை மீண்டும் இயக்கலாம். தீச்சுவரில் அடைபட்டவர் வேறு வழியில் அந்தக் கணினியை அணுகியாக வேண்டும்.

இதற்கும் அடியில் வரைகலை இல்லாத உரைத்திரை ஒன்று உள்ளது. லினக்ஸ் கருவின் அவ்வுரைத்திரை 512 வடிவங்களுக்குமேல் ஏற்பதில்லை. ஒவ்வொரு வடிவமும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். மெய்யையும் உயிர்க்குறியையும் இணைத்து வரையும் ஆற்றல் அதற்கில்லை. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் 247 எழுத்துகளுக்கு அங்கு இடம் உண்டு. ஒருங்குறி உயிர்மெய்யை இரு குறிகளாகத் தருவதும் உரைத்திரை அவற்றை இணைக்க மறுப்பதுமே தடை. டெபியன் நிறுவியின் வரைகலை வடிவம் 2007ஆம் ஆண்டின் 4.0 பதிப்பில் வந்த பிறகு அவ்வழியே தமிழில் நிறுவ முடிகிறது. அதே நிறுவியின் உரை வடிவில் தமிழ் இன்றும் தெரிவுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

டெபியனில் விசைப்பலகைத் தெரிவுகள் ஒரு சிறு கோப்பில் சில வரிகளாகச் சேமிக்கப்படுகின்றன. தமிழைத் தேர்ந்த கணினியில் அமைப்பு வரியில் முதலில் அமெரிக்க ஆங்கிலம், காற்புள்ளி, பின்னர் 'ஐ-என்' என்று இருக்கும். உட்பிரிவு வரியில் காற்புள்ளிக்கு முன் வெற்றிடம். அதன் பின் தமிழ் அமைப்பின் பெயர். ஆங்கிலத்துக்கு உட்பிரிவு குறிப்பிடத் தேவையில்லை என்பதே அவ்வெற்றிடத்தின் பொருள். மூன்றாவது வரி இரண்டுக்கும் இடையே மாறும் விசையைக் குறிக்கும். கணினி தொடங்கும்போது இயல்பாக வருவது முதலில் உள்ளது. தமிழுக்கு ஆல்ட் விசையையும் மேல்விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கோப்பின் இவ்வரிசையை முன்பின்னாக மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்பவர், உள்நுழைவுத் திரையில் தம் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்த பிறகே காரணத்தை உணர்கிறார்.